பேசி வைத்துக்கொண்டாலே குற்றமா? அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் முயற்சியும் சதியும்

வங்கியிலிருந்து ஏறத்தாழ 200 அடி தள்ளி ஒரு வேன் நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒருவர் பொன்னிறப் பொய்முடியை எடுத்துத் தலையில் பொருத்திக்கொள்கிறார். அதைப் பார்த்த ஒருவர் போலீசுக்குத் தகவல் சொல்ல, போலீசார் வந்து நெருங்கியதும் வேன் பறக்கிறது. துரத்திப் பிடிக்கிறார்கள். வேனுக்குள் ஒரு போலி வெடிகுண்டும், போலீசாரின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்கும் கருவியும் கிடைக்கின்றன. பிடிபட்டவர் எதையும் மறைக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் வங்கியைக் கொள்ளையடித்திருப்பேன், இந்த முடியும் அதற்குத்தான் என்று அவரே சொல்லிவிட்டார்.

வங்கிக் கொள்ளை முயற்சி என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 1988-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து அமைத்த ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவருடைய எண்ணத்தில் நீதிபதிகளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வங்கியை நோக்கி அவர் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. எண்ணம் இருந்தது, ஆயத்தம் இருந்தது, முயற்சி இன்னும் தொடங்கவில்லை என்றார்கள்.

இதே காட்சியில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். பக்கத்து இருக்கையில் ஒரு நண்பரை உட்கார வையுங்கள். முந்தின இரவு இருவரும் பேசி முடிவெடுத்து வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வங்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்வியே பெரிதில்லை. பேசி வைத்துக்கொண்டதும், வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டதும் போதும். ஃபெடரல் சட்டப்படி சதிக்குற்றம் முழுமையடைந்துவிட்டது.

குற்றம் நடந்து முடியாமலே தண்டிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று முயற்சி, மற்றொன்று சதி. இரண்டும் பார்ப்பதற்கு அக்கா தங்கை போலத் தோன்றும். உள்ளே போனால் இரண்டின் அளவுகோலும் வேறு, கடுமையும் வேறு.

முதலில் ஃபெடரல் என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் கொலை, திருட்டு, அடிதடி போன்ற பெரும்பாலான குற்றங்களை மாநிலச் சட்டங்களே விசாரிக்கின்றன. நாடாளுமன்றமான காங்கிரஸ் நாடு முழுமைக்கும் இயற்றிய குற்றச் சட்டங்கள் தனி; அவற்றைத்தான் ஃபெடரல் சட்டம் என்கிறோம். ஃபெடரல் காப்பீடு உள்ள வங்கிகளில் கொள்ளை, போதைப்பொருள் கடத்தல், தபால் வழியாகவும் தொலைத்தொடர்பு வழியாகவும் செய்யும் மோசடி, பங்குச்சந்தை மோசடி, குடிவரவுக் குற்றங்கள், வரி ஏய்ப்பு எல்லாம் இதில் அடங்கும். இங்கே ஓர் அடிப்படை விதி உண்டு. காங்கிரஸ் குற்றம் என்று எழுதி வைக்காத எதையும் ஃபெடரல் நீதிமன்றம் தானாகக் குற்றமாக்க முடியாது. 1812-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

இந்த விதியால் ஒரு வியப்பான விளைவு உண்டாகிறது. "எந்தக் குற்றத்தைச் செய்ய முயன்றாலும் அது குற்றம்" என்று சொல்லும் பொதுவான பிரிவு ஃபெடரல் சட்டத்தில் இல்லை. இந்தியச் சட்டம் படித்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 511-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 62-ஆம் பிரிவு என்று அங்கே பொதுப் பிரிவே இருக்கிறது. அமெரிக்க ஃபெடரல் சட்டத்திலோ ஒவ்வொரு குற்றத்தின் பிரிவையும் எடுத்து, அதில் முயற்சி என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கொள்ளைப் பிரிவில் அது இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்துக்கு 846-ஆம் பிரிவும், தபால், தொலைத்தொடர்பு, வங்கி மோசடிகளுக்கு 1349-ஆம் பிரிவும், ஃபெடரல் எல்லைக்குள் நடக்கும் கொலை முயற்சிக்கு 1113-ஆம் பிரிவும் இருக்கின்றன. அந்தச் சொல் எங்கே இல்லையோ, அங்கே முயன்றதற்காக மட்டும் குற்றம் சாட்ட முடியாது.

முயற்சி என்றால் எவ்வளவு?

முயற்சிக்கு இரண்டு கூறுகள் வேண்டும். முதலாவது, அந்தக் குற்றத்தைச் செய்தே தீருவது என்ற திட்டவட்டமான எண்ணம். முடிந்துபோன குற்றத்துக்குத் தேவைப்படும் மனநிலையைவிடச் சில நேரம் முயற்சிக்குத் தேவைப்படும் மனநிலை கடுமையானது. ஒருவர் பின்விளைவைப் பொருட்படுத்தாமல் கூட்டத்துக்குள் சுட்டு, யாராவது இறந்தால், கொல்லும் எண்ணம் இல்லாமலே அது கொலையாகலாம். யாரும் இறக்காவிட்டால்? கொலை முயற்சி என்று சொல்ல, கொல்லவேண்டும் என்ற எண்ணமே இருந்தது என்று நிறுவ வேண்டும். 1991-இல் பிராக்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. யோசித்தால் இதில் நியாயம் புரியும். விளைவு எதுவும் இல்லாதபோது, தண்டிப்பதற்கு மிஞ்சுவது அந்த மனம் ஒன்றுதான். அது என்ன நினைத்தது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது.

இரண்டாவது கூறுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம். எண்ணியவர் அந்த எண்ணத்தை நோக்கிக் கணிசமான ஓர் அடி எடுத்து வைத்திருக்க வேண்டும். வெறும் ஆயத்தம் போதாது. அந்த அடியைப் பார்த்தாலே, இவர் இதைச் செய்யத்தான் போகிறார் என்று உறுதிப்பட வேண்டும். ஃபெடரல் சட்டத்தில் எங்கும் இந்த வரையறை எழுதப்படவில்லை. அமெரிக்கச் சட்டக் கழகம் 1962-இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டத்திலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது இது. பதுங்கிக் காத்திருப்பது, இடத்தை உளவு பார்ப்பது, குற்றத்துக்கு மட்டுமே பயன்படும் கருவிகளைச் சம்பவ இடத்துக்கு அருகே கொண்டு வருவது போன்றவற்றை அந்த மாதிரிச் சட்டம் உதாரணம் காட்டுகிறது.

நியூயார்க் நகரின் புரூக்ளினில் 1976 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். ஒரு வங்கிக் கிளையைக் கொள்ளையடிக்க ஒரு குழு திட்டமிட்டது. ஜூன் 14-ஆம் தேதி ஆயுதங்களோடு காரில் அங்கே போய், சுற்றி வந்து பார்த்து, இன்று வேண்டாம் என்று அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். இடையில் குழுவைச் சேர்ந்த ஒருவர் வேறொரு வழக்கில் கைதாகி, எல்லாவற்றையும் ஃபெடரல் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயிடம் சொல்லிவிட்டார். ஜூன் 21-ஆம் தேதி வங்கியைச் சுற்றி எஃப்பிஐ அதிகாரிகள் மறைந்து நின்றார்கள். கார் வந்தது, தெருக்களில் வட்டமடித்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கண்காணிப்பு இருப்பதை உள்ளிருப்பவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றியதும் அதிகாரிகள் மடக்கினார்கள். குழல் அறுத்துக் குட்டையாக்கிய இரண்டு துப்பாக்கிகள், ஒரு பொம்மை ரிவால்வர், ஒரு கைவிலங்கு, முகமூடிகள் கிடைத்தன. அன்று யாரும் வங்கிக் கதவைத் தொடவில்லை. ஆனாலும் இரண்டு திங்கட்கிழமைகளும் இரண்டு தனித்தனி முயற்சிகள் என்று தண்டனை விதிக்கப்பட்டது. 1977-இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

புரூக்ளின் கார் மாட்டியது, பொய்முடி வேன் தப்பியது. இரண்டையும் ஒரே கோட்டில் பொருத்திக் காட்ட என்னால் முடியவில்லை. புரூக்ளின் நீதிபதிகள் இதுவரை என்னென்ன செய்தாகிவிட்டது என்று எண்ணினார்கள். ஒன்பதாம் வட்டாரம் செய்வதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அளந்தது. அதே ஒன்பதாம் வட்டாரம் 1990-இல், முகமூடி, கையுறை, துப்பாக்கியோடு வங்கியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது பிடிபட்ட ஒருவரின் முயற்சிக் குற்றத்தை உறுதி செய்தது. அந்தச் சில அடி நடைதான் வித்தியாசம். எந்த வட்டாரத்தில் பிடிபட்டீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறலாம் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

நடக்கவே முடியாத குற்றத்துக்கு முயன்றால் என்ன ஆகும் என்ற கேள்வி அடுத்து வரும். பொதுவாக, சூழ்நிலை தான் நம்பியபடி இருந்திருந்தால் அது குற்றமாகியிருக்கும் என்றால், முயற்சிக் குற்றம் நிற்கும். இணையத்தில் 13 வயதுச் சிறுமி என்று நம்பி ஒருவர் ஆசை வார்த்தை பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் நாற்பது வயது போலீஸ் அதிகாரி. குழந்தை என்று யாரும் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் ஃபெடரல் சட்டத்தின் 2422-ஆம் பிரிவு முயற்சியையும் சேர்த்தே சொல்வதால், குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை. இத்தகைய தண்டனைகளை நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் உறுதி செய்திருக்கின்றன.

இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. ஹெராயின் என்று சொல்லி மாறுவேட அதிகாரியிடம் ஒருவர் பொட்டலம் விற்றார். பரிசோதித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது புரோக்கெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து. அந்தச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட பொருளே அல்ல. அவர் உண்மையில் ஹெராயின் என்று நம்பினாரா, வாங்குபவரை ஏமாற்றப் பார்த்தாரா? 1976-இல் ஐந்தாம் வட்டார நீதிமன்றம், அவர் மனத்தை ஊகித்து மட்டும் தண்டிக்க முடியாது, வெளியே செய்த செயல்களே குற்றத்தின் முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும் என்று அவரை விடுவித்தது.

மனம் மாறித் திரும்பினால்? கணிசமான அடியை எடுத்து வைத்தபின் திரும்பிப் போனாலும் முயற்சிக் குற்றம் அழிவதில்லை என்பதுதான் பல ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் நிலை. தண்டனை விதிக்கும்போது நீதிபதி அதைக் கருதலாம். குற்றவாளி அல்ல என்று சொல்ல அது உதவாது.

சதி: உடன்பாடே குற்றம்

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். சதிக்குப் பொதுப் பிரிவு உண்டு. முயற்சிக்கு இல்லாத அந்தப் பொதுப் பிரிவு சதிக்கு 1867-லிருந்தே இருக்கிறது. இன்று அது 371-ஆம் பிரிவு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஃபெடரல் குற்றம் எதையேனும் செய்ய, அல்லது அமெரிக்க அரசை ஏமாற்ற உடன்பட்டு, அவர்களில் ஒருவராவது அதற்காக ஏதேனும் ஒரு செயலைச் செய்தால் 5 ஆண்டுவரை சிறை. நோக்கம் சிறு குற்றமாக இருந்தால், அந்தச் சிறு குற்றத்தின் உச்சத் தண்டனையைத் தாண்டக் கூடாது.

அந்த "ஏதேனும் ஒரு செயல்" எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாடகைக் கார், கடையில் வாங்கிய ஒரு கயிறு. அது சட்டப்படி நூற்றுக்கு நூறு சரியான செயலாகக்கூட இருக்கலாம். முயற்சிக்குக் கேட்கும் கணிசமான அடி இங்கே தேவையே இல்லை. அதுவும் எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் கயிறு வாங்கினால் ஐந்து பேருக்கும் போதும்.

சில சதிகளுக்கு அந்தக் கயிறும் தேவையில்லை. போதைப்பொருள் சதியைச் சொல்லும் 846-ஆம் பிரிவில் செயல் என்ற நிபந்தனையே எழுதப்படவில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்காவுக்குக் கொக்கெய்ன் கொண்டுபோகத் திட்டமிட்ட வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் கேட்காத ஒன்றை நாங்கள் கேட்க மாட்டோம், உடன்பாடே குற்றம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டவிரோதப் பணத்தை வெள்ளையாக்கும் சதிக்கும் 2005-இல் இதே விடைதான். 846-லும் 1349-லும் தண்டனை 5 ஆண்டோடு நிற்பதில்லை; எந்தக் குற்றத்துக்கு உடன்பட்டார்களோ அதற்குரிய தண்டனையே சதிக்கும். போதைப்பொருளின் அளவு பெரிதென்றால், குறைந்தபட்சம் 10 ஆண்டு என்ற கட்டாயத் தண்டனையும் கூடவே வரும்.

உடன்பாட்டை எப்படி நிரூபிப்பது? யாரும் முத்திரைத்தாளில் எழுதிச் சதி செய்வதில்லை. குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரி, நடத்தையிலிருந்து அதை ஊகித்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. போதாக்குறைக்கு, சதியாளர் ஒருவர் சதி நடக்கும்போது, அதற்காகச் சொன்ன பேச்சை மற்றவர்களுக்கு எதிரான சான்றாக வைக்கலாம். பிறர் சொல்லக் கேட்டதை ஏற்கக் கூடாது என்ற வழக்கமான தடை இந்தப் பேச்சுக்குப் பொருந்தாது. அங்கே சதி இருந்ததா என்று நீதிபதி முடிவு செய்யும்போது அதே பேச்சையும் சேர்த்தே பார்க்கலாம் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இது எனக்கு எப்போதும் கலக்கம் தரும் இடம். உங்கள் பெயரை வேறொருவர் தொலைபேசியில் உச்சரித்தது, நீங்கள் அந்தச் சதியில் இருந்தீர்கள் என்பதற்கு ஒரு செங்கல்லாகிவிடுகிறது.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, சேர்ந்திருப்பது வேறு. இந்தக் கோட்டை விளக்க இரண்டு பழைய தீர்ப்புகளைப் போல் உதவும் ஒன்றை நான் கண்டதில்லை. ஒன்று சர்க்கரை, மற்றொன்று மார்ஃபின்.

கள்ளச்சாராயம் காய்ச்சியவர்களுக்குச் சர்க்கரை, ஈஸ்ட், தகரக் கலன்கள் விற்ற வியாபாரிகளைச் சதியில் சேர்த்து அரசு வழக்கு போட்டது. 1940-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சரக்கு எங்கே போகிறது என்று அவர்கள் அறிந்திருக்கலாம். காய்ச்சுபவர்களுக்குள் இருந்த சதி அவர்களுக்குத் தெரியும் என்பதற்குச் சான்றில்லை, சர்க்கரை விற்றதாலேயே ஒருவர் சதியாளர் ஆகிவிட மாட்டார் என்றது. மூன்றே ஆண்டுகள் கழித்து, பஃபலோ நகரத்திலிருந்து தபால் வழியாக மருந்து விற்ற ஒரு நிறுவனத்தின் வழக்கு வந்தது. தென் கரோலினாவின் சிற்றூர் ஒன்றில் இருந்த ஒரு மருத்துவருக்கு அது மாதத்துக்கு 5,000 முதல் 6,000 மார்ஃபின் மாத்திரைகள்வரை அனுப்பியது. அவ்வளவு மார்ஃபின் நேர்மையான எந்த ஊர் மருத்துவருக்கும் தேவைப்படாது. போதைப்பொருள் துறை அந்த நிறுவனத்தை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று சொல்லி நிறுவனமே விற்பனையை ஊக்குவித்தது. இம்முறை நீதிமன்றம் சதி என்றது. சர்க்கரையை யாரும் எதற்கும் வாங்கலாம், மார்ஃபின் அப்படியல்ல. ஆண்டுக்கணக்கில், அளவு கடந்து, ஊக்கம் கொடுத்து விற்றவருக்கு அந்த வியாபாரத்தில் பங்கு இருக்கிறது. தெரிந்து ஒதுங்கி நின்றாரா, அதில் தனக்கும் ஆதாயம் என்று தோள் கொடுத்தாரா என்பதே கேள்வி.

ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகள்

1946 ஜூன் 10. அன்று உச்ச நீதிமன்றம் சதியைப் பற்றி இரண்டு தீர்ப்புகளை வெளியிட்டது. இன்றுவரை சதி வழக்குகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

முதலாவது பிங்கர்ட்டன் சகோதரர்களின் வழக்கு. ஒரே பண்ணையில், சற்றுத் தள்ளித் தள்ளிக் குடியிருந்த அண்ணன் தம்பி இருவரும் வரி கட்டாத மதுத் தொழிலில் ஈடுபட்டிருந்தார்கள். குற்றச்சாட்டில் இருந்த குற்றங்களை நேரில் செய்தவர் வால்ட்டர். டேனியல் அவற்றில் நேரடியாகக் கலந்துகொண்டதற்குச் சான்றே இல்லை. சில நடந்தபோது அவர் வேறொரு குற்றத்துக்காகச் சிறைக்குள் இருந்தார். ஆனாலும் உடன்பிறந்தவர் செய்தவற்றில் ஆறு குற்றங்களுக்கு டேனியலும் குற்றவாளி ஆனார். உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. சதியில் சேர்ந்தவர், அந்தச் சதியின் நோக்கத்துக்காகக் கூட்டாளி செய்யும், எதிர்பார்க்கக்கூடிய குற்றங்களுக்கெல்லாம் பொறுப்பு என்பதே அதன் சாரம். இதைத்தான் பிங்கர்ட்டன் விதி என்கிறார்கள். உடன்பாடு என்ற ஒரே கயிற்றில் கட்டி, ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதும் விதி.

நீதிபதி ரட்லெட்ஜ் அதை ஏற்காமல் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அதே நாளில் வெளியான இரண்டாவது தீர்ப்பை எழுதியவரும் அவரே. அது கோட்டியாக்கோஸ் வழக்கு. வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் பொய் விண்ணப்பங்கள் கொடுத்துக் கடன் வாங்கித் தந்த ஒரு தரகர். அவரிடம் தனித்தனியாக வந்து போனவர்கள் பலர். மொத்தம் 32 பேரை ஒரே சதி என்று அரசு கட்டிப் போட்டது. ஆனால் அந்த வாடிக்கையாளர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் கடனில் இன்னொருவருக்கு அக்கறையும் இல்லை. சக்கரத்தின் நடுக்குடமாகத் தரகர் இருக்கிறார், ஆரங்களாக வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் இணைக்கும் வெளி வட்டை எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. இங்கே இருப்பது ஒரு சதியல்ல, குறைந்தது எட்டுச் சதிகள் என்று சொல்லித் தண்டனைகளை ரத்து செய்தது. முன்பின் அறியாதவர்களின் குற்றச் சான்றுகளைக் கேட்டுக் கேட்டு ஜூரியின் மனம் உங்களுக்கு எதிராகக் கறைபடுவதைத் தடுக்கும் கவசம் இந்தத் தீர்ப்பு. பல பேரை ஒன்றாக நிறுத்தும் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

எத்தனை சதி என்று எண்ணுவது தமிழர்கள் பலர் செய்தித்தாளில் பின்தொடர்ந்த ஒரு வழக்கிலும் இருந்தது. கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் கேலியன் முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ராஜ் ராஜரத்தினத்தை 2011 மே மாதம் ஜூரி 14 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றது. அவற்றில் ஒன்பது பங்குச்சந்தை மோசடி, ஐந்து சதி. பலர் அன்று குழம்பினார்கள்: மோசடி செய்தார் என்று தண்டித்தபின், அதைச் செய்யத் திட்டமிட்டார் என்று மறுபடி ஏன்? முயற்சியாக இருந்தால் அந்தக் குழப்பம் நியாயமானது. குற்றம் முடிந்துவிட்டால் முயற்சி அதற்குள் கரைந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்துத் தண்டிக்க மாட்டார்கள். சதி கரையாது. உடன்பட்டது ஒரு குற்றம், செய்தது இன்னொரு குற்றம். இரண்டுக்கும் அடுத்தடுத்துத் தண்டனை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1961-இலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. கூட்டுச் சேர்வதே தனி ஆபத்து, ஒருவர் தயங்கினாலும் மற்றவர் தள்ளிவிடுவார், ஒரு குற்றத்தோடு கூட்டு நிற்காது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

சதி எப்போது முடிகிறது? 1997 நவம்பரில் நெவாடாவில் போலீசார் ஒரு லாரியை மறித்து, அதில் இருந்த போதைப்பொருளைக் கைப்பற்றினார்கள். லாரியில் வந்தவர்களின் உதவியோடு அதை ஐடஹோ மாநிலத்தில் ஒரு வணிக வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கிருந்து பேஜரில் தகவல் போனது. வண்டியை எடுக்க ஒரு பையனை அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. சுமார் மூன்று மணி நேரம் கழித்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் லாரியை ஓட்டிக்கொண்டு கிளம்ப, மற்றவர் காரில் பின்தொடர, சில மைல் தூரத்தில் இருவரும் கைதானார்கள். சரக்கைத்தான் அரசு எடுத்துவிட்டதே, அப்போதே சதி தோற்று முடிந்துவிட்டது, நாங்கள் அதன்பிறகுதான் வந்தோம் என்பது அவர்கள் வாதம். 2003-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. குற்றத்தின் சாரம் உடன்பாடு. அரசு ரகசியமாகத் தடுத்துவிட்டதால் உடன்பாடு கலைந்துவிடாது.

விலகுவதும் எளிதல்ல. சும்மா ஒதுங்கிப் போவது விலகலாகாது. நோக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்து, அது கூட்டாளிகளுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். அல்லது அதிகாரிகளிடம் போய்ச் சொல்ல வேண்டும். 2013-இல் முடிந்த ஒரு வாஷிங்டன் வழக்கில், சதியின் கடைசி ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவர், நான் எப்போதோ விலகிவிட்டேன், வழக்கு தொடுப்பதற்கான ஐந்தாண்டுக் காலவரம்பும் கடந்துவிட்டது என்று வாதாடினார். விலகியதை நிரூபிக்கும் சுமை அவருடையதே, விலகவில்லை என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அப்படியே விலகினாலும், அதன்பிறகு கூட்டாளிகள் செய்பவற்றிலிருந்துதான் தப்பலாம். உடன்பட்டு, ஒருவர் செயலும் செய்துவிட்டால், அதுவரையிலான சதிக்குற்றம் கழுத்திலேயே இருக்கும்.

முயற்சியில் சட்டம் தராசைப் பிடித்து அடியடியாக அளக்கிறது. சதியில் அதே சட்டம் ஒரு வாய்வார்த்தைக்கே எடை போட்டுவிடுகிறது. கூட்டுக் குற்றத்தின் ஆபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சரக்கு வாங்குபவர் யார், விற்பவர் யார் என்று தெரியாமல், காதலனுக்கு வந்த தொலைபேசியை எடுத்துப் பேசிய பெண்ணும், பெரிய வியாபாரியும் ஒரே 846-ஆம் பிரிவின் கீழ் ஒரே மேசையில் உட்கார நேரும்போது, அந்த எடை சரியா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. 1949-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சனே இந்தக் குற்றம் இழுத்த இழுப்புக்கு நீளும் ரப்பர் போன்றது என்ற பொருளில் எச்சரித்து எழுதினார்.

இன்னும் ஒரு விதி பாக்கி. உடன்பட இரண்டு மனங்கள் வேண்டும். கூட்டாளி போல நடிக்கும் அரசுத் தகவலாளிக்குக் குற்றம் செய்யும் எண்ணமே கிடையாது. எனவே அவரோடு மட்டும் பேசி வைத்துக்கொண்டவர் மீது ஃபெடரல் சதிக்குற்றம் நிற்காது. 1965-இல் ஐந்தாம் வட்டார நீதிமன்றம் சொன்ன இந்த விதியை மற்ற வட்டாரங்களும் பின்பற்றுகின்றன. மூன்றாவதாக உண்மையான ஒரு கூட்டாளி இருந்தால் கதை வேறு. மீண்டும் அந்த வேனுக்கு வாருங்கள். பொய்முடிக்காரரின் பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் எஃப்பிஐ அனுப்பிய ஆளாக இருந்து, வேனும் அந்த 200 அடியைக் கடக்காமல் அங்கேயே நின்றிருந்தால், சதிக்கும் அவர் அகப்பட மாட்டார், ஒன்பதாம் வட்டாரத்தின் அளவுகோலில் முயற்சிக்கும் அகப்பட மாட்டார்.